மிருதங்கத்துக்கு மேடை உண்டு, செய்தவருக்கு?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சுட்டெடுத்த அகல் விளக்கும் பொம்மையும் ஊர் ஊராகப் போகின்றன. வாங்குகிறவருக்கு நம் ஊரின் பெயர் தெரியலாம். மண் பிசைந்த கையின் பெயர் தெரியாது. கர்நாடக இசையின் வரலாறும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரு காலத்தில் கச்சேரி நடந்த இடங்கள் கோயில், அரண்மனை, மிராசுதார் வீடு. இவற்றில் எதிலும் நாம் நுழைய முடியாது. பிறகு சபாக்கள் வந்தன. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாதமி தோன்றியது. 1962இல் அதற்குச் சொந்த அரங்கமும் வந்தது. காசு கொடுத்து டிக்கெட் வாங்கினால் யாரும் உட்காரலாம் என்றானது. ஆனால் கேட்பதற்குத்தான் டிக்கெட். கற்பதற்குக் குருவின் வீட்டில் தங்க வேண்டும், அவர் வீட்டில் சாப்பிட வேண்டும். அந்த அடுப்படியில் சேரிப் பிள்ளைக்கு ஏது இடம்?

1929இல் பக்கத்துச் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அங்கே இசை, கல்லூரிப் படிப்பாகவே கற்பிக்கப்பட்டது. 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. எந்த மொழியில் பாடுவது என்று உரக்கக் கேட்டார்கள், சரியான கேள்விதான். யார் பாடுவது என்ற கேள்வி மட்டும் பின்னுக்குப் போய்விட்டது. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனைகள் சபா சபாவாக ஒலித்தன. 1935இல் கே.பி.சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தார்கள். நந்தனாரின் கதைக்கு மேடை கிடைத்தது. நந்தனாரின் பிள்ளைகள் வெளியிலேயே நின்றார்கள்.

ஆனால் அவர்களின் உழைப்பு அன்றும் உள்ளேதான் இருந்தது. மிருதங்கம் என்பது பலாமரக் கட்டை மட்டுமல்ல. பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் அதற்கு வேண்டும். தோலைத் தேர்ந்தெடுத்து, பதமாக்கி, வார் இழுத்து, வலந்தலையில் கருப்புச் சோறு தேய்த்துச் சுருதிக்குக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் தலித் கிறித்தவர்கள். நல்ல காது இல்லாமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் தஞ்சாவூர்ச் செவிட்டியான் குடும்பத்துப் பர்லாந்துவின் கை இருந்தது. 1966இல் மணி ஐயருக்கு மியூசிக் அகாதமி சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. மிருதங்கக் கலைஞர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. மிருதங்கம் செய்தவர் எவருக்கும் இன்றுவரை அந்த விருது இல்லை.

இந்தக் குடும்பங்களின் வரலாற்றை டி.எம்.கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக எழுதினார். 2020 பிப்ரவரியில் அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி அரங்கம் முதலில் இடம் தந்தது. நூலின் ஒரு பகுதி நாளிதழில் வந்ததும் அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கு மாறியது. தொல்.திருமாவளவன் அதில் கலந்துகொண்டார். தோல் அரங்கத்துக்குள் போகலாம், தோலைப் பற்றிய பேச்சு போகக்கூடாது! தீண்டாமைக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இளம் கலைஞர்களை வளர்க்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள். நாமும் அதையே சொல்கிறோம். மாவட்ட அரசு இசைப்பள்ளி கடலூரில் இருக்கிறது. அங்கே வயலினும் மிருதங்கமும் கற்றுத் தருகிறார்கள். விருத்தாசலத்துச் சேரியிலிருந்து ஒரு சிறுமி தினமும் அவ்வளவு தூரம் போய்வர முடியுமா? மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிற, நூறு பேர் உட்காரும் சிறிய அரங்கம் ஒன்று நம் ஊருக்கு வேண்டும். அதை ஒட்டி ஒரு பயிற்சிக்கூடம் வேண்டும். வாசிப்பதோடு கருவி செய்வதும் அங்கே பாடமாக வேண்டும். கருவி செய்கிறவர்களே அதற்கு ஆசிரியர்களாகச் சம்பளத்தோடு அமர வேண்டும்.

தோலைப் பதப்படுத்திய நம் பிள்ளைகளுக்கு அதை வாசிக்கவும் தெரியும். நாம் கேட்பது சலுகை அல்ல, நாம் செய்த கருவியின் முன்னால் உட்காரும் உரிமை.