கறளின் கதை – 5: கொல்லன் மகன் எழுதிய பதில்

1825 சனவரி. நோவா ஸ்கோஷியா வரை போய்த் திரும்பிய சமராங் போர்க்கப்பலை போட்ஸ்மத்தில் கரையேற்றியிருக்கிறார்கள். அதன் அடியில் போர்த்திய செப்புத் தகடு முழுவதும் பாசியும் சிப்பியும் அப்பிக் கிடப்பதாக லண்டன் பத்திரிகைகள் எழுதிவிட்டன. இரும்புக் கட்டிகளைப் பதித்தால் செம்பு அரியாது என்று சொன்னவர் சேர் ஹம்ப்ரி டேவி; அவருடைய பெயர் அந்தத் தகட்டோடு ஒட்டிக்கிடக்கிறது. அவர் தாமே பார்க்கப் புறப்பட்டார் என்ற இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம்.

அங்கே டேவி கண்டது வேறு. கப்பலின் பின்புறத்தில் காவலுக்கென்று பதித்த இரும்புக் கட்டிகளைச் சுற்றி மட்டும் கொஞ்சம் கறள். அந்தக் கறளைப் பற்றிக்கொண்டு நூல் போன்ற சில கடலுயிர்கள். மற்ற இடமெல்லாம் துப்புரவு. பத்திரிகைச் செய்தி பொய் என்று அரச கழகத்துக்கு அளித்த ஆய்வுரையிலேயே கோபத்தோடு பதிந்துவைத்தார். கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டி 1822இல் நீரில் இறக்கிய அந்தக் கப்பல், செம்பின் பரப்பில் ஏறத்தாழ எண்பதில் ஒரு பங்கு இரும்பை வைத்தாலே செம்பு உப்புநீரில் அரியாது என்று நிரூபித்துவிட்டது. இரும்பு கரைந்துகொண்டே தன் இலத்திரன்களைச் செம்புக்குக் கொடுத்தது. செம்பு கரையவில்லை.

ஆனால் அந்தக் கரையாமையே டேவியைக் கவிழ்த்தது. துறைமுகத்தில் அசையாமல் நின்ற மற்றக் கப்பல்களில் காவல் இரும்பு பொருத்தியபோது, சில மாதங்களில் அடித்தகடு மறையும் அளவுக்கு ஓட்டுயிர்கள் மூடின. காரணம் எளிது. காவலில்லாத செம்பு மெல்ல மெல்லக் கரைந்து தன்னைச் சுற்றிய நீரை நஞ்சாக்குகிறது. அந்த நஞ்சுதான் அதுவரை உயிர்களை அண்டவிடாமல் வைத்திருந்தது. செம்பைக் காப்பாற்றியதால் நஞ்சு நின்றது. அதற்கு மேல், செம்பின் மீது சுண்ணாம்பும் மக்னீசியச் சேர்வையும் வெள்ளைப் படிவாக இறங்கி, உயிர்களுக்குப் பிடிமானமும் கொடுத்தது. 1825 யூலையில் துறையில் நிற்கும் கப்பல்களிலிருந்து காவல் இரும்பைக் கழற்றச் சொல்லிக் கடற்படைத் தலைமையகம் ஆணையிட்டது. டேவி அதன் பிறகு நாலு வருடங்களே உயிரோடிருந்தார். 1829இல் ஜெனீவாவில் இறந்தார்.

அவருடைய விஞ்ஞானம் தவறவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இன்று எண்ணெய்க் குழாய்களையும் எஃகுக் கப்பல்களையும் காப்பது டேவி கண்ட அதே வழிதான். இந்தத் தொடரை மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்து இரும்பில் தொடங்கினோம். அந்த இரும்பை விளங்கிக்கொள்ள டேவி விட்ட இடம் போதாது. ஓர் உலோகத்தை இன்னோர் உலோகம் காக்கலாம் என்று அவர் காட்டினார். ஓர் உலோகம் தன்னைத் தானே காக்குமா?

காக்கும் என்பதற்கான முதல் தடயம் 1790இலேயே அச்சில் வந்துவிட்டது. ஜேம்ஸ் கியர் என்ற ஸ்கொட்லாந்து இரசாயனர் அதை எழுதினார். இரும்பை நீர் கலந்த நைத்திரிக் அமிலத்தில் இட்டால் பொங்கி நுரைத்துச் செங்கபிலப் புகை கக்குமென்று உயர்தரத்தில் இரசாயனம் படித்த எவருக்கும் தெரியும். அதே இரும்பைக் கடுமையாகச் செறிந்த அமிலத்தில் இட்டால் நியாயப்படி இன்னும் மூர்க்கமாகக் கரைய வேண்டும். கரையவில்லை. பளபளப்புக் குன்றாமல் கிடந்தது. அந்த இரும்பை எடுத்து வெள்ளி கரைந்த நீரில் இட்டாலும் வழக்கம்போல் வெள்ளியை வெளியே தள்ளவில்லை. இரும்பு இரும்பாகவே இருந்தது. நடத்தை மட்டும் பொன்னைப் போல் மாறியிருந்தது.

கியரின் குறிப்பு நாற்பத்தாறு ஆண்டுகள் பெரும்பாலும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1836இல் சுவிற்சர்லாந்தின் பேசல் நகரப் பேராசிரியர் கிறிஸ்தியான் ஷோன்பைன் அதே வியப்பில் விழுந்தார். பின்னாளில் ஓசோனைக் கண்டுபிடித்தவர் இவரே. இரும்பின் இந்த மறுப்பு நிலையை அவர் விதம்விதமாகச் சோதித்தார். செறிந்த அமிலத்தில் நனைத்த கம்பியை நீர்த்த அமிலத்துக்கு மாற்றினாலும் அது கரைய மறுத்தது. மேற்பரப்பைச் சற்றே சுரண்டினால் போதும், அடுத்த கணம் முழுக் கம்பியும் பொங்கத் தொடங்கும். ஒரு கீறலுக்கு இத்தனை வலிமை எப்படி வந்தது? விளங்காமல், மே மாதத்தில் லண்டனிலிருந்த மைக்கல் பரடேக்குக் கடிதம் எழுதினார்.

பரடே, டேவியின் பழைய உதவியாளர். செப்புத் தகட்டுச் சோதனைகளில் கூட நின்று வேலை செய்தவர். அதற்கும் முன்னர் இந்தியாவிலிருந்து போன உருக்கை ஆராய்ந்து, அதன் இரகசியம் என்ன என்று சில வருடங்கள் மினக்கெட்டவர். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் ஒரு கொல்லனின் மகன். உலையில் சிவந்த இரும்பு காற்றுப் பட்டதும் மேலே செதில் கட்டுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. அவர் எழுதிய பதிலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்புகிறேன்.

பரடே தாமும் சோதனைகளைச் செய்து பார்த்தார். அவர் வந்தடைந்த முடிவு இது: அந்த இரும்பின் மேற்பரப்பு ஒட்சியேறியிருக்க வேண்டும். அல்லது மேற்பரப்பிலுள்ள துணிக்கைகள் ஒட்சிசனோடு அதற்குச் சமமான ஓர் உறவில் இருக்க வேண்டும். ஒட்சிசன் மீதான அவற்றின் பசி ஏற்கெனவே தீர்ந்துவிட்டதால் அமிலத்தால் அவற்றைக் கரைக்க முடியவில்லை. அதாவது இரும்பின் மேல் ஒரு படலம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத படலம்.

ஷோன்பைன் ஏற்கவில்லை. அவரோடு நின்றவர்களின் கேள்விகளும் அசட்டுக் கேள்விகள் அல்ல. இரும்பைச் சூடாக்கும்போது உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் காட்டுகிறதே. இந்த இரும்போ கண்ணாடி போல் கிடக்கிறது. படலம் இருந்தால் நிறம் எங்கே? இரும்பின் ஒட்சைட்டு அமிலத்தில் கரையக்கூடியது. கரையும் பொருள் எப்படிக் கவசமாக நிற்கும்? படலம் மெல்லியதாக இருப்பதால் தெரியவில்லை என்றால், தெரியாத ஒன்றை இருக்கிறதென்று எப்படி நம்புவது?

ஒளியால் நிறம் தோன்ற வேண்டுமானால் படலத்துக்குப் பல பத்து நானோமீற்றர் தடிப்பாவது வேண்டும் என்று இன்று நமக்குத் தெரியும். நானோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாக வகுத்தால் வரும் ஒரு பங்கு. 1836இல் அதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. வழக்கு நின்றுபோனது. தொண்ணூறு வருடங்கள் நின்றது.

இப்போது நம் கரைக்கு வருவோம்.

சேர் வில்லியம் மானிங் 1918 முதல் 1925 வரை இலங்கையின் ஆளுநர். அவருடைய மனைவியின் பெயரில் 1920களில் மட்டக்களப்பு வாவிக்குக் குறுக்கே எழுந்தது லேடி மானிங் பாலம். ஊருக்கு அது என்றும் கல்லடிப் பாலம்தான். ஒருபக்கம் நகரம், மறுபக்கம் கல்லடி. அதற்கப்பால் காத்தான்குடி, கல்முனை வரை நீளும் தெரு. பாலத்தடியில் பாடும் மீனைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். என் மனம் அந்த இரும்பிலேயே நிற்கிறது, ஏனென்றால் இரும்புக்கு இதைவிடக் கடுமையான இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீளம். மாரியில் படுவான்கரை வயல்களின் வெள்ளமெல்லாம் வந்து சேர, நீர் நன்னீராகும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும், பிறகு கடல் உள்ளே வரும். கோடையில் அதே நீர் உவர்க்கும். தூண்களைச் சுற்றி வருடத்துக்கு வருடம் இந்த மாற்றம். கல்லடியோ வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். அலை உடைந்து தெறிக்கும் உப்புத் துகளைக் காற்று நேரே இரும்பில் கொண்டுவந்து ஒட்டுகிறது. உப்புத் துகளின் ஆபத்து மழையற்ற நாளில்தான் தெரியும். கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் எழுபத்தைந்து வீதத்தைத் தொட்டால் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைசலாகும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம். வானம் வெளுத்திருக்கும் நாளிலும் பாலத்தின் தோல் நனைந்தே இருக்கிறது.

2004 டிசம்பர் 26 அன்று கடல் கல்லடிக் கரையைத் துடைத்துக்கொண்டு போனபோதும் பாலம் நின்றது. 2013 மார்ச்சில் பக்கத்தில் புதிய பாலம் திறக்கும் வரை ஒற்றை வழிப் போக்குவரத்தைத் தாங்கியது. அத்தனை காலமும் அதைத் தின்ன முயன்றது எது, எந்த இடத்தில் தின்றது?

பாலம் எழுந்த அதே ஆண்டுகளில், கேம்பிரிட்ஜில் யூலிக் ரிச்சர்ட்சன் எவன்ஸ் இந்தக் கேள்வியை ஒரு துளி நீராகச் சுருக்கினார். துடைத்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீர். அதில் இரண்டு நிறங்காட்டிகள். ஒன்று, இரும்பு கரையும் இடத்தில் நீலமாகும். மற்றது, காரம் தோன்றும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். பாடசாலை ஆய்வுகூடத்திலும் செய்யக்கூடிய சோதனை. கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயம் கண்ட விபுலாநந்த அடிகள், துறவு பூணும் முன் கொழும்பில் இரசாயனம் கற்பித்தவர். அவருக்கு இது பிடித்திருக்கும்.

பெரும்பாலானோர் எதிர்பார்ப்பது, காற்று தாராளமாகப் படும் துளியின் ஓரம்தான் அரியும் என்று. நிறம் நேர்மாறாகச் சொன்னது. ஓரம் இளஞ்சிவப்பு, நடு நீலம். ஒட்சிசன் அதிகம் கிடைக்கும் ஓரத்தில் இரும்பு கரையவில்லை. அங்கே ஒட்சிசன் இலத்திரன்களை வாங்கிக்கொள்கிறது. அந்த இலத்திரன்களைக் கொடுப்பது துளியின் நடு, ஒட்சிசனுக்கு ஏங்கும் இடம். நடுவில் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பும் ஓரத்துக் காரமும் இடையில் சந்திக்கும் வளையத்தில் கறள் படிகிறது. கறள் தெரியும் இடம் ஒன்று, இரும்பு போன இடம் வேறொன்று.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு பழைய இரும்புப் பாலத்தில் நடந்தால் பார்வையே மாறும். வெளியே செந்நிறமாகக் கிடக்கும் பரந்த சட்டத்தைப் பார்த்து நாம் பதறுகிறோம். தறையாணி இறுக்கிய இரண்டு தகடுகளின் நடுவே, நீர் நுழைந்து காற்று நுழையாத ஒடுக்கத்தில்தான் உலோகம் களவு போகிறது. அங்கே விளையும் கறள், கரைந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். தகடுகள் உப்பி, தறையாணியின் தலையே தெறித்துப்போகும் அளவுக்கு அது நெம்பும். பூச்சு அடிப்பவர் தூரிகை எட்டாத மூட்டை விட்டுவிட்டு வெளிச் சட்டத்துக்கு மூன்று பூச்சு அடித்தால், காசும் உழைப்பும் வீண். பாலத்தைப் பராமரிக்கும் ஒவ்வொருவரும் இந்தத் துளியை ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

துளியின் ஓரத்து இரும்பு ஏன் கரையவில்லை? எவன்ஸை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இது. இலத்திரன் கணக்கு மட்டும் விடையாகப் போதவில்லை. ஒட்சிசன் நிறைந்த இடத்தில் இரும்பின் மேல் ஏதோ ஒன்று உருவாகி அதைக் காக்கிறது என்றால், அது பரடே சொன்ன அதே படலமாகத்தானே இருக்க வேண்டும்? ஊகித்துச் சொல்ல எவன்ஸ் விரும்பவில்லை. படலத்தை உரித்து எடுக்க நினைத்தார்.

இரும்பிலிருந்து படலத்தை உரிப்பதில் ஒரு சிக்கல். படலத்தைத் தொட்டால் கிழியும், கிழிந்தால் அந்தக் கணமே புதிதாய் முளைக்கும். ஆகவே எவன்ஸ் தலைகீழாக யோசித்தார். படலத்தை இரும்பிலிருந்து எடுப்பதற்குப் பதில், இரும்பைப் படலத்தின் கீழிருந்து எடுத்துவிட்டால் என்ன? அயடீன் கரைசல் இரும்பைக் கரைக்கும், இரும்பின் ஒட்சைட்டைத் தொடாது. கரைய மறுக்கும் நிலைக்குக் கொண்டுவந்த இரும்புத் தகட்டில் கூர்முனையால் கோடுகள் கீறி, கீறல் வழியே அயடீனை உள்ளே விட்டார். கரைசல் கீறலில் இறங்கி, பக்கவாட்டில் பரவி, மேற்பரப்புக்கு அடியில் இருந்த உலோகத்தை அரிக்கத் தொடங்கியது.

1927. உலோகம் முழுவதும் கரைந்த பிறகு கரைசலில் ஒன்றுமே எஞ்சாவிட்டால் ஷோன்பைன் சொன்னது சரி, தொண்ணூறு வருடமாகப் பரடேயின் படலம் வெறும் கற்பனை. எஞ்சினால், அது என்ன, எவ்வளவு தடிப்பு, கல்லடிக் காற்றின் உப்பு அதை எந்த வழியால் துளைக்கிறது?

கிண்ணத்தில் கிடைத்தது என்ன என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)