தாவீதின் உடன்படிக்கை

தாவீதின் உடன்படிக்கை என்பது, இசுரயேலின் அரசரான தாவீதின் வழிமரபு என்றென்றும் அரசாளும் எனக் கடவுள் அளித்ததாக எபிரேய விவிலியம் கூறும் வாக்குறுதியாகும். கடவுள் தலைமுறைதோறும் சொல் தவறாதவர் என்னும் யூத, கிறித்தவ நம்பிக்கையின் முதன்மையான அடிப்படைகளுள் இதுவும் ஒன்று. அந்நம்பிக்கை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டதும் இவ்வாக்குறுதியின் வரலாற்றில்தான்.

வாக்குறுதி

இது 2 சாமுவேல் 7ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. கேதுரு மரத்தாலான அரண்மனையில் குடியேறிய தாவீது, உடன்படிக்கைப் பேழை கூடாரத்தில் இருப்பதை எண்ணிக் கடவுளுக்குக் கோவில் கட்ட விரும்பினார். இறைவாக்கினர் நாத்தான் வழியாக வந்த மறுமொழி வேறாக இருந்தது: தாவீது கடவுளுக்கு வீடு கட்டப்போவதில்லை, கடவுளே தாவீதுக்கு ஒரு வீட்டைக் கட்டுவார். எபிரேயத்தில் 'பயித்' என்னும் சொல் வீடு, கோவில், அரச குலம் ஆகிய மூன்றையும் குறிக்கும். இச்சிலேடையை அறியாமல் இவ்வதிகாரத்தைப் புரிந்துகொள்வது கடினம்.

தாவீதின் மகன் தவறு செய்தால் தண்டிக்கப்படுவான். ஆனால் சவுலிடமிருந்து விலக்கப்பட்டது போலக் கடவுளின் பேரன்பு அவனிடமிருந்து விலக்கப்படாது என்பது வாக்குறுதியின் மையம். 'உடன்படிக்கை' என்ற சொல் இவ்வதிகாரத்தில் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 2 சாமுவேல் 23:5, திருப்பாடல் 89 முதலிய பகுதிகளே இதனை அவ்வாறு அழைக்கின்றன.

1 அரசர்கள் 2:4, 8:25 ஆகிய இடங்களில் இதே வாக்குறுதிக்கு ஒரு நிபந்தனை சேர்கிறது: தாவீதின் மைந்தர் கடவுளின் வழியில் நடந்தால் மட்டுமே அரியணை நிலைக்கும். நிபந்தனை உள்ளதா, இல்லையா என்பதில் விவிலியத்துக்குள்ளேயே இரு குரல்கள் ஒலிக்கின்றன.

அரச குலத்தின் தொடர்ச்சி

வட நாடான இசுரயேலில் அரச குடும்பங்கள் மாறி மாறி ஆண்டன. தென் நாடான யூதாவிலோ தாவீதின் குலமே ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஆண்டது. இடையில் அரசி அத்தலியா அரச குலத்தை அழிக்க முற்பட்டபோது, யோவாசு என்னும் ஒரே குழந்தை ஆறு ஆண்டுகள் கோவிலில் மறைத்து வளர்க்கப்பட்டது (2 அரசர்கள் 11). அரசர்கள் தவறிய காலங்களிலும் தாவீதின் பொருட்டு எருசலேமில் ஒரு விளக்கு அணையாமல் விடப்பட்டது என அரசர்கள் நூல் கூறுகிறது.

வீழ்ச்சியும் திருப்பாடல் 89உம்

கி.மு. 597இல் பாபிலோனியர் அரசர் யோயாக்கினைச் சிறைபிடித்தனர். கி.மு. 587 அல்லது 586இல் எருசலேமும் கோவிலும் அழிந்தன. கடைசி அரசர் செதேக்கியாவின் கண்முன்னே அவருடைய மைந்தர்கள் கொல்லப்பட்டனர். பின்னர் அவருடைய கண்கள் பிடுங்கப்பட்டன. என்றென்றும் நிலைக்கும் எனப்பட்ட அரியணை வெறுமையானது.

இந்நிலையை நேரடியாக எதிர்கொள்வது திருப்பாடல் 89. பலர் இதனை எருசலேமின் வீழ்ச்சியோடு தொடர்புபடுத்துவர். முந்தைய தோல்வி ஒன்றைச் சுட்டுவாரும் உளர். இதில் 'எசெத்' (பேரன்பு), 'எமுனா' (வாக்குப் பிறழாமை) ஆகிய சொற்கள் தலா ஏழு முறை வருகின்றன. 37 வசனங்கள் வரை வாக்குறுதியைப் போற்றும் பாடல், 38ஆம் வசனத்தில் திடீரெனக் குற்றச்சாட்டாக மாறுகிறது: கடவுளே உடன்படிக்கையைத் தள்ளிவிட்டார், மணிமுடியைத் தரையில் எறிந்தார் என்கிறது. தாவீதுக்கு ஆணையிட்டுக் கூறிய முற்காலப் பேரன்பு எங்கே என்ற கேள்விக்குப் பாடலில் விடை இல்லை. ஆயினும் அக்கேள்வி வாக்குறுதி அளித்தவரிடமே கேட்கப்படுகிறது. திருப்பாடல் நூலின் மூன்றாம் பகுதியை நிறைவுசெய்யும் 'ஆமென்' உடனே தொடர்கிறது. 'ஆமென்', 'எமுனா' இரண்டும் ஒரே வேரினின்று பிறந்தவை.

நாடுகடத்தலுக்குப் பின்

அரசர்கள் நூல், யோயாக்கின் சிறையிருப்பின் 37ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டு, பாபிலோன் அரசரின் பந்தியில் உணவருந்திய செய்தியோடு முடிகிறது. அவருக்கும் அவருடைய ஐந்து மைந்தர்களுக்கும் எண்ணெய் வழங்கப்பட்டதைக் குறிக்கும் பாபிலோனியக் களிமண் பலகைகள் 1939இல் வெளியிடப்பட்டன. குலம் அற்றுப்போகவில்லை என்பதற்கு எதிரி நாட்டின் பண்டகக் கணக்கே சான்றானது.

யோயாக்கினைக் கழற்றி எறியப்படும் முத்திரை மோதிரமாக எரேமியா உருவகித்திருந்தார் (எரேமியா 22:24). கி.மு. 520இல் இறைவாக்கினர் ஆகாய், அவருடைய பேரன் செருபாபேலை மீண்டும் முத்திரை மோதிரம் என அழைத்தார் (ஆகாய் 2:23). ஆனால் செருபாபேல் பாரசீகரின் கீழ் ஆளுநராகவே இருந்தார், அரசராகவில்லை.

பிற்கால விளக்கங்கள்

அரியணை மீளாததால், வாக்குறுதி வருங்கால மெசியாவை நோக்கியதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. கும்ரான் சுருள்களுள் ஒன்றான 4கியூ174, 2 சாமுவேல் 7ஐ இவ்வாறே விளக்குகிறது. யூதரின் 'அமிதா' மன்றாட்டு, தாவீதின் தளிர் துளிர்க்க வேண்டுமென நாள்தோறும் வேண்டுகிறது. கிறித்தவர்கள் வாக்குறுதி இயேசுவில் நிறைவேறியது என்பர். மத்தேயு நற்செய்தி இயேசுவின் மூதாதையரை சாலமோன், யோயாக்கின் வழியாகவும், லூக்கா நற்செய்தி தாவீதின் மற்றொரு மகனான நாத்தான் (இறைவாக்கினர் அல்லர்) வழியாகவும் கூறுகின்றன.

தொல்லியல்

1993இல் வட இசுரேலின் தெல் தான் என்னுமிடத்தில் கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரமேயக் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. தன் போர் வெற்றியைப் பறைசாற்றும் ஓர் அரமேய மன்னரின் அக்கல்வெட்டில் உள்ள ஒரு தொடரைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் 'தாவீதின் வீடு' எனப் படிக்கின்றனர். இங்கும் வீடு என்பது அரச குலத்தையே குறிக்கிறது.