மைசூர்த் தெருக்களும் விலங்குக் காவலும்

மைசூர் என்றவுடன் நம் மனக்கண்முன் நிற்பது தசராப் பெருவிழாவின் யானை ஊர்வலம். ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியைச் சுமந்து யானை அசைந்துவரும் காட்சியைக் காணத் தமிழ்நாட்டிலிருந்தும் ஆண்டுதோறும் மக்கள் திரண்டு செல்கின்றனர். பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில், 1892ஆம் ஆண்டில் தோன்றிய விலங்குக் காட்சிச்சாலையும் அந்நகரின் பெருமைகளுள் ஒன்று. அரண்மனை யானைக்கும் காட்சிச்சாலைப் புலிக்கும் வரலாறு எழுதியோர் பலர். ஆனால் அதே நகரின் தெருவில் திரியும் மாட்டுக்கும், நாய்க்கும், சுவரோரம் வளை தோண்டும் எலிக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்விலங்குகளைப் பிடிக்கவும் அடைக்கவும் காக்கவும் நகரசபைகள் அமர்த்திய பணியாளருக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனையே நாம் இங்குக் காணப் புகுகின்றோம்.

பிற மாநில நகரங்களில் வாழும் நம்மவர்க்கு இச்செய்தி வேற்றுச் செய்தியன்று. விடியுமுன் ஆலைக்குச் செல்வோரும், இரவு வேலை முடித்துத் திரும்புவோரும், தெருவிளக்கு எரியாத சந்தில் நாய்க் கூட்டத்தைக் கடந்தே வீடு சேர்கின்றனர். மொழி தெரியாத ஊரில் நாய் கடித்துவிட்டால் யாரிடம் சொல்வது, எங்கே செல்வது என்று திகைத்தவர் நம்மில் எத்தனையோ பேர். ஆயினும் கன்னட நாட்டில் ஒரு வசதி உண்டு. நாம் நாய் என்பதை அவர்கள் நாயி என்பர். எலியை இலி என்பர். பெயரளவில் இவ்விரண்டும் நமக்கும் அவர்க்கும் பொதுவே.

முதலில் மாட்டை எடுத்துக்கொள்வோம். தெருவில் வந்த கன்றொன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டதற்காகத் தன் மகனையே தேர்க்காலிலிட்ட மனுநீதிச் சோழனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர் நாம். தெருவில் நடமாடும் விலங்கின் உயிருக்கும் ஆட்சியே பொறுப்பு என்னும் கருத்து அக்கதையில் உண்டு. பிற்காலத்தில் அப்பொறுப்பு சட்டத்தின் வடிவம் பெற்றது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பிறர் பயிரை மேய்ந்த மாட்டையும் பொதுச்சாலையில் திரிந்த மாட்டையும் பிடித்து அடைக்க வழிசெய்தது. அடைக்கும் இடத்தைத் தமிழகத்தில் கொண்டித்தொட்டி என்றும், பவுண்டு என்றும் வழங்கினர்.  மாட்டுக்கு உரியவர் தண்டமும் தீவனச் செலவும் கட்டி மீட்கவேண்டும். குறித்த காலத்துள் மீட்கப்படாத மாடு ஏலம் போகும். மைசூர் இராச்சியம் மாநிலமாகிய பின்னர், 1966ஆம் ஆண்டில் அம்மாநிலம் தனக்கென ஒரு கால்நடை அத்துமீறல் சட்டம் இயற்றிக்கொண்டது.

மாட்டினும் பெரிய சோதனையை மைசூருக்குக் கொண்டுவந்தது எலி. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய், இருப்புப்பாதை வழியே தெற்கு நோக்கிப் பரவி, 1898இல் பெங்களூரையும் மைசூரையும் பற்றியது. அப்பொழுது மைசூர் இராச்சியத்தின் திவானாக இருந்தவர் பாலக்காட்டுப் பகுதியில் பிறந்த சர் கே. சேஷாத்திரி ஐயர். மக்கள் வீடுகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே கொட்டகைகளில் தங்கினர். நோயாளியைப் பிரித்து வைத்தல், வீட்டுக்கு மருந்து தெளித்தல், கூரையைப் பிரித்து வெயில் புகச் செய்தல் என்று அதிகாரிகள் பலவும் செய்தனர். ஆனால் நோயின் வழி எதுவென்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது.

அவ்வழியைக் கண்டவர் பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர். அதே 1898ஆம் ஆண்டில் கராச்சியில் அவர் நடத்திய சோதனை, நோயுற்ற எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே நோயைச் சுமந்து செல்கிறது என்று காட்டியது. அறிஞருலகம் உடனே அதனை ஏற்கவில்லை. 1905ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சிக் குழுவினர் இந்தியாவில் செய்த ஆய்வுகளுக்குப் பின்னரே அவ்வுண்மை நிலைபெற்றது. இதில் நகரசபைப் பணியாளர் அனைவரும் உணரவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. எலி செத்தவுடன் அதன் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி வேறு உடலைத் தேடிப் புறப்படுகிறது. பக்கத்தில் மனிதன் இருந்தால் அவனையே பற்றுகிறது. ஆகவே எலியைக் கொன்று குவிப்பது மட்டும் காவலாகாது. எலி வாழும் இடத்தையே மாற்றவேண்டும். 1665ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிளேக் பரவியபோது, நகரத் தலைவர் நாய்களையும் பூனைகளையும் கொல்ல ஆணையிட்டார். எலியைப் பிடிக்கக்கூடிய பூனையையே அழித்த அச்செயல், காரணம் அறியாத காவலுக்கு என்றும் நிற்கும் சான்றாகும்.

மைசூர் இப்பாடத்தை நன்கு கற்றது. 1903ஆம் ஆண்டில் அங்கே நகர அபிவிருத்தி வாரியம் ஒன்று அமைக்கப்பெற்றது. இந்தியாவில் இவ்வகை வாரியங்களுள் இது முற்பட்டவற்றுள் ஒன்று. நெருக்கமான சந்துகள் அகற்றப்பட்டன. கழிவுநீர் வழிகள் அமைந்தன. காற்றும் வெளிச்சமும் புகும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. இன்று நாம் வியந்து நடக்கும் அகன்ற மைசூர்த் தெருக்களுக்கு அழகுணர்ச்சி மட்டுமே காரணமன்று. எலியால் விளைந்த அச்சமும் ஒரு காரணமே.

இனி நாயின் கதைக்கு வருவோம். வெறிநாய்க் கடிக்கு மருந்தில்லை என்றே உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1885ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள், பாரிஸ் நகரில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசியிடச் செய்து அவனைக் காத்தார். இந்தியாவில் முதற் பாஸ்டர் நிலையம் 1900ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலில் உள்ள கசௌலியில் தோன்றியது. மைசூரில் நாய் கடித்தால் அத்தனை தொலைவு எவர் செல்ல முடியும்? 1907ஆம் ஆண்டில் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்ட பின்னரே தென்னாட்டார்க்கு விடிவு பிறந்தது. மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டையும் பந்திப்பூர்க் காடும் உதகையும் கடந்தால் குன்னூர். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் வழி. ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்பட்ட பழைய மருந்தை வயிற்றில் நாள்தோறும், பதினான்கு ஊசிகள் வரை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பாட்டனார் காலத்தவர் நாயைக் கண்டு அஞ்சியதைவிட அவ்வூசியைக் கண்டு அஞ்சியதே மிகுதி என்பர். அம்மருந்தின் உற்பத்தி 2004ஆம் ஆண்டின் முடிவில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. இன்று தோளில் போடும் ஊசியே. முதல்நாள், மூன்றாம்நாள், ஏழாம்நாள், இருபத்தெட்டாம்நாள் என நான்கு முறை சென்றால் போதும்.

மருந்து தொலைவில் இருந்த காலத்தில் நகரசபைகள் கண்ட வழி ஒன்றே: நாயைப் பிடி, கொல் என்பது. சென்னை மாநகராட்சி 1860ஆம் ஆண்டிலேயே இம்முறையைத் தொடங்கியது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரு நாய் என்னும் அளவில் இருந்த எண்ணிக்கை, 1996ஆம் ஆண்டளவில் நாளொன்றுக்கு 135 வரை உயர்ந்தது எனப் பழைய பதிவுகளை ஆராய்ந்த புளூகிராஸ் அமைப்பினர் கூறினர். நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொன்றும் நாய் குறையவில்லை. கொல்லும் வேலைதான் பெருகிற்று. காரணம் எளியது. குப்பைமேடும் கழிவுணவும் இருக்கும் இடத்தில் ஒரு நாயை அகற்றினால், அவ்விடத்தைப் பிடிக்க மற்றொன்று வருகிறது. எலியின் பாடமே இங்கும் மீண்டும் சொல்லப்பட்டது.

அந்த வேலையைச் செய்தோரின் நிலையையும் நாம் நினைத்தல் வேண்டும். நாய் பிடிக்கும் வண்டி தெருவுக்குள் நுழைந்தால் சிறுவர் கல்லெறிவர், பெரியோர் ஏசுவர். நாய் கடித்துவிட்டாலோ அதே பெரியோர், வண்டி ஏன் வரவில்லை என்று நகரசபையில் முறையிடுவர். வெறிநோய் கொண்ட நாயின் பல்லுக்கும் கைக்கும் இடையே ஒரு கயிற்றுச் சுருக்கு மட்டுமே இருந்த அப்பணியை, எளிய மக்களே கூலிக்குச் செய்தனர். ஊர் அஞ்சியதை அவர்கள் தொட்டனர். ஊரோ அவர்களைத் தொட அஞ்சியது.

மாற்றத்துக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் தமிழகத்தைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்ற அவர், விலங்கு வதைத் தடுப்பு மசோதா ஒன்றைத் தாமே கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960ஆம் ஆண்டில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது; 1962இல் விலங்கு நல வாரியம் சென்னையில் அமைந்தது; அவரே அதன் முதல் தலைவர். ஆயினும் அச்சட்டம் தெருநாயைக் கொல்வதை முற்றிலும் விலக்கவில்லை. 2001ஆம் ஆண்டின் நாய்க் கருத்தடை விதிகளே கொலைக்கு மாற்றாகக் கருத்தடையையும் தடுப்பூசியையும் வைத்தன. 2023ஆம் ஆண்டில் அவை திருத்தி எழுதப்பட்டன.

இன்று மைசூர் மாநகராட்சியிலோ வேறு நகரிலோ இப்பணி நடைபெறும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். பயிற்சி பெற்றோர் வலைகொண்டு நாயைப் பிடிக்கின்றனர். பிடித்த தெருவைப் பதிவு செய்கின்றனர். கால்நடை மருத்துவர் அறுவை செய்து கருத்தடை செய்கிறார். வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறார். அடையாளமாகக் காதில் சிறு வெட்டு இடுகிறார். புண் ஆறிய பின்னர், பிடித்த தெருவிலேயே நாய் விடப்படுகிறது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோயின் சங்கிலி அறுபடும் என்பது அறிஞர் கணக்கு. எனவே பிடிப்பதைவிட எண்ணிப் பதிவதே இப்பணியின் உயிர்நாடி.

பணியின் எல்லையும் தெளிவாக இருத்தல் வேண்டும். 2011ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் காலை, இரண்டு காட்டு யானைகள் மைசூர் நகருக்குள் புகுந்து ஒருவரைக் கொன்றன. வனத்துறையினரே மயக்க ஊசி செலுத்தி அவற்றைப் பிடித்தனர். யானையும் சிறுத்தையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் வருவன. நாயும் மாடும் நகராட்சியின் பொறுப்பு. எதற்கு யாரை அழைப்பது என்பதை நாம் முன்னரே அறிந்திருந்தால், ஆபத்து வேளையில் காலம் வீணாகாது.

நாய்ச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களை, வெறிநோய் கொண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய இடங்களின் நாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்க ஆணையிட்டது. குழந்தையை இழந்த தாயின் கண்ணீரும் உண்மை. வாயில்லா உயிரின்மேல் கொண்ட இரக்கமும் உண்மை. இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவர் அந்த நகராட்சிப் பணியாளரே.

கர்நாடக அரசு 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மனிதர்க்கு வரும் வெறிநோயைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. 2030ஆம் ஆண்டுக்குள் நாயால் பரவும் வெறிநோய்ச் சாவை ஒழிப்பது நாட்டின் குறிக்கோள். அதில் நம் பங்கும் உண்டு. நாய் கடித்தால் மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக் காத்திருத்தல் கூடாது. உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். நோய்க்குறி தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. வாசலில் எச்சிற் சோற்றைக் கொட்டாதிருத்தலும், வளர்க்கும் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுதலும் நம் கடமை.

எலியைப் பற்றிய அச்சம் மைசூரின் தெருக்களை அகலமாக்கியது. நாயைப் பற்றிய அச்சம் நம் தெருக்களைத் தூய்மையாக்குமானால், அப்பணியாளரின் உழைப்பு வீண்போகாது. அடுத்தமுறை நாய் வண்டி நம் தெருவுக்கு வரும்போது, ஏசாமல், எந்த நாய் எந்த மூலையில் கிடக்கும் என்பதை அவருக்குச் சொல்வோம். காது வெட்டப்பட்ட நாய் தெருவில் படுத்திருந்தால், நமக்காக ஒருவர் உழைத்த அடையாளம் அது என்று அறிவோம்.