உபகாரச் சம்பளம்

மாணாக்கன் கல்லூரிக்குச் செலுத்துவதும் சம்பளம், அவன் படிப்பின்பொருட்டுத் தர்மவான்களும் சர்க்காரும் அவனுக்கு அளிப்பதும் உபகாரச் சம்பளம் என்று நம் முன்னோர் ஒரே சொல்லை இரு திசையிலும் வழங்கினார்கள். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகப் பெற்ற காலத்துச் சொல் இது என்பாரும் உளர். ஆயினும், பிரயாணி மூட்டையில் கட்டிச் செல்லும் வழியுணவைக் குறிக்கும் ‘சம்பல’ என்னும் வடசொல்லே இதற்கு மூலம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெருந்தொகைக் கல்விக் கடனுக்காக, இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்த வீட்டுப் பத்திரத்தோடு தகப்பன் வங்கி வாசலில் நிற்கும் இந்நாளில், வட்டியோடு திருப்ப வேண்டிய கடனுக்கும் கட்டுச்சோறாகிய உபகாரச் சம்பளத்துக்கும் உள்ள பேதம் விளக்காமலே புலனாகும். அத்தகைய கட்டுச்சோறாகவே, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேரும் பெண்களுக்குத் தமிழக அரசு 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் வழங்கிவருகிறது.