பாம்படமும் முதுமையும்

அணிகலம் இளமைக்குரியது என்பது நம் இலக்கியங்களிற் பெரிதும் காணப்படும் கருத்து. கேசாதிபாத வருணனைகள் இளமகளிரையே நோக்குவன. ஆயின், மதுரையிலும் அதனைச் சூழ்ந்த சமவெளி ஊர்களிலும் பாம்படம் என்றவுடன் நினைவில் எழுபவள் கிழவியே. இஃது அவ்வணியின் இயல்போ, வரலாற்றின் விளைவோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

பாம்படம் உருண்டை, கனசதுரம், கூம்பு முதலிய வடிவங்களின் சேர்க்கை; அரக்கின்மேற் பொற்றகடு போர்த்துச் செய்யப்படுவது. உடல் தாங்கும் சிற்பம் என இதனைக் கூறலாம். இதனை அணிதற்குச் செவியும் உருமாறல் வேண்டும். இளமையிலேயே துளையிட்டு, பஞ்சு, ஓலைச்சுருள், ஈயக் குணுக்கு என முறையே இட்டு அதனை அகலப்படுத்துவர். இதனைக் காது வளர்த்தல் என்பர். ஆண்டுகள் செல்லச் செல்லச் சோணை தாழ்ந்து தோளை நெருங்கும். எனவே, பொற்கொல்லனோடு காலமும் இதன் சிற்பி என்க.

எனினும், இதனை மணமான இளமகளிரும் அணிந்தனர். பின்னர்க் கண்ணோட்டம் மாறியது. 1906இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்திய இனவரைவியற் குறிப்புகள், காது வளர்த்தலை ஊனமும் உறுப்புச் சிதைவும் பற்றிய பகுதியில் வைத்தது. 20ஆம் நூற்றாண்டிற் சிறுமியர் செவியை வளர்க்கும் வழக்கம் அருகியது. வளர்ந்த செவிகள் பலவும் அறுத்துத் தைக்கப்பெற்றன. எஞ்சியோர் ஒரு தலைமுறையினர், அவர்கள் மூத்தனர். ஆகவே, பாம்படம் முதுமையின் அடையாளமானது அதன் இயல்பினால் அன்று. வழக்கம் நின்றமையால் என்பதே எம் துணிபு.

இதனால் விளைந்தது யாது? கிழவியின் செவியிற் பொன் ஊரார் கண்ணிற் பட்டது, கிழவி பட்டாளல்லள். 2023இல் வெளிவந்த 'தண்டட்டி' என்னும் திரைப்படம், இவ்வினத்தைச் சேர்ந்த காதணி ஒரு மூதாட்டியின் சாவு வீட்டில் காணாமற்போவதையே பொருளாகக் கொண்டது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தும் இத்தகைய தமிழகக் காதணிகள் உள. அருங்காட்சியகக் குறிப்புகள் உலோகமும் அளவும் கூறும். அணிந்தவள் பெயரைக் கூறுதல் அரிது.

அணியை மட்டும் கண்டு அதற்குரியவளைக் காணாத பிழையை மதுரை முன்னரே அறியும். பாண்டியன் அவையிற் சிலம்பின் உண்மை விளங்கியது, அதற்குரிய கண்ணகி வந்து வழக்குரைத்த பின்னரே. ஆதலின், வளர்த்த காதுடைய மூதாட்டியர் எஞ்சியுள்ள ஊர்களுக்கு நம் மாணவர் விரைந்து சென்று, அவர்தம் பெயரையும் சொற்களையும் நினைவுகளையும் தொகுத்தல் வேண்டும். பொன்னை உருக்கினும் மீண்டும் வார்க்கலாம். அச்சொற்களை மீட்டல் இயலாது.