அலையைப் பிடித்தவர், கடனில் மூழ்கியவர்

1999 அக்டோபரில் லண்டன் சோத்பீஸ் ஏலத்தில் ஒரு பழைய புகைப்படம் 5,07,500 பவுண்டுக்குப் போனது. அதுவரை எந்தப் புகைப்படத்துக்கும் ஏலத்தில் அவ்வளவு விலை கிடைத்ததில்லை. படத்தில் இருப்பது என்ன? பிரான்சின் தென்கரையில் உள்ள செத் என்ற ஊரின் கடல், கரைக்கு வரும் ஒரு பெரிய அலை, மேலே மேகம். அவ்வளவுதான்! எடுத்தவர் குஸ்தாவ் லெ கிரே. வருடம் 1857.

1820-ல் பிறந்த லெ கிரே அடிப்படையில் ஓவியர். பாரிஸில் டெலாரோஷிடம் ஓவியம் பயின்றவர். கேமரா பக்கம் வந்தது பிறகுதான்.

மேகத்தில் என்ன அதிசயம் என்கிறீர்களா? அந்தக் காலத்துக் கண்ணாடி நெகடிவ் நீல ஒளியை மிக வேகமாகப் பிடித்துக்கொள்ளும். கடல் தெளிவாக விழும்வரை காத்திருந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்கு ஏற்றபடி எடுத்தால் கடல் இருண்டுபோகும். லெ கிரே என்ன செய்தார் தெரியுமா? கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு இன்னொன்று எடுத்தார். இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே மேகத்தை வேறு வேறு கடல்களுக்கு மேல் வைத்ததும் உண்டு! இன்று போட்டோஷாப்பில் செய்தால் 'ஏமாற்று' என்போம். ஆனால் ஓவியம் படித்தவருக்கு இதில் என்ன தயக்கம்... வானத்தை ஒரு நாளும் கடலை ஒரு நாளும் தீட்டுவது அங்கே சகஜம்தானே.

இனி கணக்கு வழக்குக்கு வருவோம். பாரிஸின் கபுசின் பூல்வார் சாலையில் ஆடம்பரமான ஸ்டூடியோ. முதல் போட்டது ஒரு பிரபுக் குடும்பம். அதே சமயத்தில் தீஸ்தெரி என்பவர் ஒரே தட்டில் எட்டுப் படம் எடுக்கும் முறைக்கு 1854-ல் காப்புரிமை வாங்கி, விசிட்டிங் கார்டு அளவுப் படங்களை மலிவாக விற்கத் தொடங்கினார். ஊரே அங்கே ஓடியது. லெ கிரேயோ புகைப்படம் கலையாகவே இருக்கவேண்டும், வியாபாரமாகக் கூடாது என்று எழுதியவர். கொள்கை சரி, வாடகையை யார் கொடுப்பது? 1860-ல் கடை மூடப்பட்டது. அதே கட்டடத்துக்கு நதார் குடிவந்தார். 1874-ல் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் முதல் கண்காட்சி நடந்ததும் அங்கேதான்.

கடன்காரர்களையும் மனைவி மக்களையும் விட்டுவிட்டு, நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவின் கப்பலில் ஏறினார் லெ கிரே. பலெர்மோவில் கரிபால்டியைப் படம் எடுத்தார். பிறகு தகராறு... மால்டாவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார் டூமா. அங்கிருந்து லெபனான், அலெக்சாந்திரியா, கடைசியில் கெய்ரோ. பிரான்சுக்குத் திரும்பவே இல்லை. 1884-ல் கெய்ரோவில் இறந்தார். அங்கே அவருக்குச் சோறு போட்டது டிராயிங் வாத்தியார் வேலை.