படத்தில் இருப்பவரும் இல்லாதவரும்

பாட்டி வீட்டு ஹாலில் மூன்று படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். முதலில் முருகன். பக்கத்தில் நேதாஜி. மூன்றாவது, காக்கிச் சட்டையும் தொப்பியும் போட்ட ஓர் ஒல்லியான ஆள். அவர் என் பூட்டன், பாட்டியின் அப்பா. நான் பிறப்பதற்கு ஐந்து வருடம் முன்பு, 1991இல் இறந்துபோனார்.

தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது அந்தப் படத்தை வகுப்புக்கு எடுத்துப் போய், "என் பூட்டன் நேதாஜி படையில இருந்தவரு" என்று சொன்னேன். ஆசிரியர் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அன்றிலிருந்து அவர் எனக்கு ஒரு வீரர். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. வீரரைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நான் பாட்டி வீட்டில் மாட்டிக்கொண்டேன். பொழுது போகாமல் குடும்ப மரம் ஒன்றை எக்செலில் போட ஆரம்பித்தேன். படித்தது சிவில் எஞ்சினியரிங். கட்டம் போட்டால்தான் எனக்கு எதுவும் புரியும். பெயர், பிறந்த வருடம், வந்த கப்பல், வேலை செய்த தோட்டம் என்று நாலு பத்தி.

முதல் வரிசை சுலபமாக நிரம்பியது. பூட்டன் 1922இல் பிறந்தவர். ஊர் துறையூர்ப் பக்கம். அப்பாவோடு 1937இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார். கப்பல் ரஜூலா என்றார் பாட்டி. மலேசியாவில் யாரைக் கேட்டாலும் ரஜூலாதான். 1926இலிருந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடிய கப்பல் என்பதால் அது நிஜமாகவும் இருக்கலாம். மறுவருடமே, 1938இல், தோட்டக் கூலிகளை உதவித்தொகையில் அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. கதவு மூடும் நேரத்தில் உள்ளே வந்தவர்கள் நாங்கள்.

"கூடப் பொறந்தவங்க எத்தன பேரு பாட்டி?"

"ஒரு பெரியப்பா இருந்தாரு. சயாமுக்குப் போனாரு. வரல."

"அவரு பேரு?"

பாட்டி யோசித்தார். "தெரியாதுய்யா. அப்பா சொன்னதே இல்ல."

இரண்டாவது வரிசையின் முதல் கட்டம் காலியாக நின்றது. நாலு வருடமாக நான் தேடியது அந்த ஒரு கட்டத்தை நிரப்பத்தான்.

*

பூட்டனின் தோட்டம் கிள்ளான் வட்டாரத்தில் இருந்தது. இப்போது அங்கே இரட்டை மாடி வீடுகள். 1941இன் முதல் பாதியில் அந்த வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தைத் தமிழனுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு என்று கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே துரையைக் கடந்து போகும் உரிமைக்கு ஒரு போராட்டம் தேவைப்பட்டிருக்கிறது. போராட்டத்தை முன்னின்று நடத்திய ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். பூட்டனுக்கு அப்போது வயது பத்தொன்பது.

அதே வருடம் டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. எழுபது நாளில் துரைமார்கள் காணாமல் போனார்கள். யாருக்காகச் சைக்கிளைவிட்டு இறங்கினார்களோ அவர்கள் கார் ஏறி ஓடியதைத் தோட்டத்து ஜனம் பார்த்தது.

ரப்பருக்குச் சந்தை இல்லை, அதனால் சம்பளம் இல்லை. பர்மா அரிசி வராமல் மரவள்ளிக்கிழங்கு சோறானது. சாக்கு துணியானது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுக்கு மதிப்பு நாளுக்கு நாள் இறங்கியது. அந்த நேரத்தில்தான் சயாமுக்கு ஆள் எடுத்தார்கள். மூன்று மாத வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், அரிசி தருவார்கள் என்று சொன்னார்கள். பட்டியல் போட்டுக் கொடுத்தது தோட்டத்துக் கிராணிகளும் தண்டல்களும். பிறகு பட்டியலும் தேவைப்படவில்லை. கூட்டம் கூடுகிற இடத்தில் லாரியை நிறுத்தி ஏற்றினார்கள்.

சயாமின் பான் போங் பக்கமிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். மலை, காடு, நூற்றுக்கணக்கான பாலங்கள். 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17ஆம் தேதி இரண்டு முனையும் சேர்ந்தன. இதை முதலில் படித்தபோது என் பாடப்புத்தகப் புத்தி, 'ஒரு வருஷத்துக்குச் சற்று மேல 415 கிலோமீட்டரா!' என்று வியந்தது. அடுத்த பத்தியில் சாவுக் கணக்கு இருந்தது. போர்க் கைதிகளில் 12,000க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர் போனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். காலராவும் பசியும் அடியும் அவர்களைக் கொன்றன. என் வியப்பை நினைத்து வெட்கப்பட்டேன்.

எங்கள் வீட்டிலும் ஆள் கேட்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒருத்தர். அண்ணன் போனார். பூட்டனை நிறுத்திக்கொண்டார்கள்.

*

1943 ஜூலை 2ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். அதற்கு முன்பே மோகன் சிங் தலைமையில் இந்திய தேசிய ராணுவம் இருந்தது, ஆனால் அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் பிடிபட்ட பிரிட்டிஷ் இந்தியச் சிப்பாய்கள். போஸ் வந்த பிறகுதான் கடைக்காரர்களும் கிராணிகளும் பால்வெட்டுத் தொழிலாளிகளும் சேர ஆரம்பித்தார்கள். அவர் ஹிந்துஸ்தானியில் பேசுவார், தமிழில் மொழிபெயர்ப்பார்கள். அக்டோபர் 21இல் கேத்தே அரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மறுநாள் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. தோட்டத்துப் பெண்களும் அதில் துப்பாக்கி பிடித்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் பூட்டன் சேர்ந்தார். ஏன் சேர்ந்தார் என்று பாட்டியிடம் கேட்டேன். நாட்டுப்பற்று என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"சேராம என்ன செய்வாரு? ரெண்டாவது தடவ லாரி வந்துச்சாம். பட்டாளத்துல சேந்தவனச் சயாமுக்குப் புடிக்க மாட்டானுங்கன்னு தோட்டத்துல பேச்சு. சேந்துட்டாரு."

பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு நான்காம் ஆண்டு வகுப்பில் கேட்ட கைதட்டல் ஞாபகம் வந்தது.

இதை எழுதப் போகிறேன் என்று சொன்னதும் மாமா கோபப்பட்டார். "நீ படிச்சவன், எழுதிட்டுப் போயிடுவ. பயந்து போய்ச் சேந்தாருன்னுதானே நாளைக்குப் பேசுவாங்க? இருக்குற ஒரே பெருமையையும் கெடுக்காதடா." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தோட்டம் போய்விட்டது, லயம் போய்விட்டது, எங்கள் குடும்பத்துக்கு மிச்சம் இருப்பது அந்தப் படம்தான்.

பல மாதம் எழுதாமல் விட்டேன். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளை மட்டும் இரவில் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கட்டுமானம் இடிந்து விழுந்தால் நாங்கள் எழுதும் அறிக்கையில் ஒரே காரணம் இருப்பது அபூர்வம். மண், தண்ணீர், தப்பான கணக்கு எல்லாம் சேர்ந்துதான் இடியும். ஒரு மனுஷன் பட்டாளத்தில் சேர்வதற்கும் அப்படித்தான். சைக்கிளைவிட்டு இறங்கிய கோபம், பசி, அண்ணன் திரும்பாத பயம், போஸின் குரல் எல்லாம் சேர்ந்து ஒருவரைத் தள்ளியிருக்கலாம்.

பயந்து சேர்ந்தவர் பர்மா போய்ச் சேர்ந்த பிறகும் ஓடிவிடவில்லை. 1944இல் இம்பால் தாக்குதல் தோற்று, மழையில் பின்வாங்கியவர்கள் நோயிலும் பட்டினியிலும் செத்தார்கள். 1945 ஏப்ரலில் போஸ் ரங்கூனைவிட்டுக் கிளம்பியபோது, மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் சில ஆயிரம் பேர் நகரத்தில் நிறுத்தப்பட்டார்கள், மக்களையும் உடைமைகளையும் பாதுகாக்க. பூட்டன் அவர்களில் ஒருவர் என்கிறார் பாட்டி. மே மாதம் பிரிட்டிஷ்காரனிடம் பிடிபட்டு, 1946இல் தோட்டத்துக்குத் திரும்பினார். சேர்ந்த காரணமும் நின்ற காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதை மாமாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை, ஆனால் எழுதாதே என்று மறுபடி சொல்லவும் இல்லை.

*

அதற்குப் பிறகுதான் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மலாயாவிலிருந்து பர்மாவுக்கு ஒரு சிப்பாய் எப்படிப் போவான்? ஜான்சி ராணிப் படைப் பெண்கள் உட்பட, இந்திய தேசிய ராணுவத்தார் பலர் ரயிலில் போனார்கள். சயாம் வழியாக. அந்தப் பாதையில்.

பூட்டனும் ரயிலில் போனதாகத்தான் வீட்டில் சொல்வார்கள். அண்ணன் சடக்கு போட்ட இடத்தில், சில மாதம் கழித்து, தம்பி சீருடையோடு கடந்து போயிருக்கிறார். பெட்டியிலிருந்து வெளியே பார்த்தாரா, அண்ணன் பெயரைச் சொல்லி யாரிடமாவது விசாரித்தாரா என்று பாட்டியிடம் கேட்டேன். "அப்பா ரயிலே ஏற மாட்டாரு" என்றார் பாட்டி. "கோலாலம்பூருக்குக்கூட பஸ்ஸுதான்." எங்கள் தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் தூரம், பஸ்தான் வசதி. காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

ஏன் ஒருவருக்குப் படம் இருக்கிறது, இன்னொருவருக்குப் பெயர்கூட இல்லை? நேதாஜி படைக்குச் சீருடை இருந்தது, பாட்டு இருந்தது, தலைவர்கள் இருந்தார்கள். 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் ஜான் திவி, போஸின் இயக்கத்திலிருந்து வந்தவர். ஜான்சி ராணிப் படையின் ஜானகி ஆதி நாகப்பனும் அந்தத் தொடக்கத்தில் இருந்தார். மேடையில் சொல்ல ஆள் இருந்தது. சிங்கப்பூர் எஸ்பிளனேடில் இருந்த இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னத்தைத் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அப்படியும் 1995இல் அந்த இடத்தில் ஓர் அடையாளப் பலகை வந்துவிட்டது. சயாமுக்குப் போனவனுக்கு மேடையும் இல்லை, தகர்ப்பதற்குச் சின்னமும் இல்லை.

காஞ்சனபுரி போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 போர்க் கைதிகளுக்குத் தனித்தனிக் கல் இருக்கிறது. பெயரை இணையத்தில் தட்டினால் எந்த வரிசை, எந்தக் கல் என்று காட்டும். நான் தட்ட ஒரு பெயர் இல்லை. இருந்தாலும் அந்தப் பட்டியலில் அது இருக்காது.

நம் இலக்கியம் இந்த இடத்தில் நியாயமாக நடந்திருக்கிறது. அ. ரெங்கசாமி சயாம் ரயிலைப் பற்றி 'நினைவுச் சின்னம்' எழுதினார், இந்திய தேசிய ராணுவத்தைப் பற்றி 'இமையத் தியாகம்' எழுதினார். இரண்டையும் ஒரே கை எழுதியிருக்கிறது. அவற்றை அடுத்தடுத்துப் படித்தபோது எங்கள் வீட்டு அண்ணன் தம்பி கதையைத்தான் படிப்பதுபோல் இருந்தது.

*

போன தீபாவளிக்குப் பாட்டியின் அண்ணன் வந்திருந்தார். 1948இல் பிறந்தவர், பூட்டனின் மூத்த பிள்ளை. எனக்குத் தாத்தா முறை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது பேச்சுவாக்கில் சொன்னார்: "எங்கப்பா என்னைய ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. 'ஐயா'ன்னுதான் கூப்பிடுவாரு. தம்பி தங்கச்சிய எல்லாம் பேரு சொல்லிக் கத்துவாரு."

பாட்டி நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முதலில் புரியவில்லை. பாட்டிதான் சொன்னார், "மூத்தவங்க பேர வச்சா வாயால சொல்ல மாட்டாங்கய்யா. அண்ணன் பேர எப்படித் தம்பி சொல்லிக் கூப்பிடுவாரு?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எழுபத்தாறு வயதுக்காரர் தன் பெயரை முதல் தடவை கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

இது ஆதாரம் ஆகுமா? ஆவணக் காப்பகத்தில் கேட்டால் ஆகாது என்பார்கள். பரவாயில்லை. அன்றிரவு எக்செலைத் திறந்து அந்தக் காலிக் கட்டத்தில் தாத்தாவின் பெயரை அடித்தேன். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன், எஞ்சினியர் புத்தி. தாத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "அத எடுத்துடுய்யா" என்றார்.

எடுத்துவிட்டேன்.